உறுமும் இஞ்சின்

பொம்மை ரயில் என்று சொன்னால் என் வீட்டுக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மாதிரி ரயில் என்று சொல்ல வேண்டுமாம். கல்யாணமான புதிதில் திருத்தித் திருத்திப் பார்த்தார், பிறகு அலுத்துப்போய் முறைப்பதோடு நிறுத்திக்கொண்டார். நானும் வேண்டுமென்றேதான் சொல்வேன். அன்றைக்கு அவருடைய ரயில் மன்றத்திலிருந்து திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தவரிடம், பொம்மை ரயிலெல்லாம் சௌக்கியமா என்று கேட்டேன். அவர் முறைக்கவில்லை. எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அவர் வாயிலிருந்து ஒரு விஷயத்தை வாங்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். அன்றும் அப்படித்தான். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அவர் ஓட்டிய சரக்கு ரயில், நின்றுகொண்டிருந்த பயணிகள் ரயிலின் முதுகில் போய் மோதிவிட்டது. இரண்டு பெட்டிகள் மேஜையிலிருந்து விழுந்து உடைந்தன. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லையே. செயலாளர் அவரைத் தனியாக அழைத்துப்போய், அடுத்த கண்காட்சி நாளில் நீங்கள் ரயில் ஓட்டி சிரமப்பட வேண்டாம் என்று நயமாகச் சொல்லியிருக்கிறார்.

"வாசல்ல உட்கார்ந்து வர்றவங்களை வரவேற்கணுமாம்," என்றார் என் வீட்டுக்காரர்.

அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். கண்ணின் நடுப்பகுதி கெட்டுப்போனதால் வேலையை விட்டார். ஓரப் பார்வை மட்டும் மிச்சம். நம் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் காதைப் பார்ப்பார். வேலை போனபோது அவர் இடிந்துபோகாமல் காப்பாற்றியது, சலவைக் கடைக்கு மேலே இருக்கும் அந்த மன்றத்து ஹாலும், அதை அடைத்துக்கொண்டு கிடக்கும் பெரிய மேஜையும், அதன் மேல் ஓடும் தண்டவாளமும்தான். வாரம் இரண்டு முறை போய் ஓட்டிவிட்டு வந்தால் மனிதர் மனிதராக இருப்பார். அதையும் பிடுங்கிக்கொண்டு வாசலில் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வீட்டிலும் வாசலிலேயே உட்கார்ந்துவிடுவார்.

மறுநாள் காலை செயலாளருக்கு போன் போட்டேன். அவர் மின்சாதனக் கடை வைத்திருப்பவர், என் வீட்டுக்காரரை அண்ணன் என்றும் என்னை அண்ணி என்றும் கூப்பிடுவார். அதனால் அவரைத் திட்டுவதற்கு எனக்கு முழு உரிமை உண்டு, திட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு நிலைமையை விளக்கினார். மேஜையைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்ச், ஒரு விளக்கு வைத்திருக்கிறார்கள். ரயில் அடுத்த பகுதிக்குப் போகும் முன் விளக்கைப் பார்த்து அதற்குரிய சுவிட்சைப் போட வேண்டும். அண்ணனுக்கு அந்தக் குட்டி விளக்குகள் தெரியவில்லை, தப்பான சுவிட்சைப் போட்டுவிட்டார். எப்படியும் எல்லாம் டிஜிட்டலாக மாறப் போகிறது, அப்போது பழைய இஞ்சின்கள் ஓடாது, கண்ணாடி அலமாரிக்குப் போய்விடும்.

டிஜிட்டல் என்றால் என்ன என்று கேட்டேன். ஒவ்வொரு இஞ்சினுக்குள்ளும் ஒரு சிப் இருக்கும், கையடக்கமான ரிமோட்டில் அதன் எண்ணை அழுத்தினால் அந்த இஞ்சின் மட்டும் கேட்கும், எங்கே நின்றாலும் சரி, என்றார். அப்படியானால் சுவிட்சும் விளக்கும்? அவை இருக்காது என்றார்.

எனக்கு அது போதும். பழைய இஞ்சினுக்குள் அந்த சிப்பை வைக்க முடியுமா என்று கேட்டேன். முடியும், ஆனால் ரொம்பப் பாடு, யாரும் செய்வதில்லை என்றார். நான் செய்கிறேன் என்றேன். நீங்களா என்று இரண்டு முறை கேட்டார். பிறகு, டிஜிட்டல் வந்ததும் எல்லா ஓட்டுநர்களுக்கும் ஒரு சோதனை வைக்கப்போவதாகவும், அண்ணனும் தாராளமாக வரலாம் என்றும் சொன்னார். ஒரு சுற்று. மேடு ஏறி, பாலம் தாண்டி, வளைவு திரும்பி, பிளாட்பாரத்தில் நிறுத்த வேண்டும். பிளாட்பாரம் முடியும் இடத்தில் ஒரு காலிப் பெட்டி நிற்கும். அதில் இடித்தால் ஓட்டுநர் இல்லை.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்து தரும் கூடத்தில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க ஊசி முனை டிரில், மெழுகு, ஈறு நிறத்தில் அக்ரிலிக் பசை. ஒரு கடைவாய்ப் பல்லின் மேட்டைத் தலைமுடியளவு தேய்க்கத் தெரிந்தவளுக்கு ஒரு பொம்மை இஞ்சின் எம்மாத்திரம்?

அவரை வழிக்குக் கொண்டுவருவதுதான் பெரும்பாடாக இருந்தது. ஐந்து இஞ்சின்கள், எல்லாம் இரும்பும் ஈயமுமாகக் கனக்கும் பழைய சரக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு செல்லப் பெயர். அவற்றைத் திறக்கக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றார். ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லவில்லை. நன்றாக ஓடுகிற மோட்டாரில் எதற்குக் கை வைக்கிறாய் என்றார், அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு எரிச்சலாக வந்தது. திறக்காவிட்டால் இவை கண்ணாடி அலமாரியில் உட்காரும், நீங்கள் வாசலில் உட்காருவீர்கள், இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். மாலையில் வந்தபோது ஐந்தும் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக நின்றன. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

குள்ளன் என்று அவர் கூப்பிடும் குட்டை இஞ்சினை முதலில் திறந்தேன். பழைய இஞ்சின்களில் என்ன தொல்லை என்றால், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தின் ஒரு பாதை கம்பியில் வரும், மறு பாதை இஞ்சினின் உலோக உடம்பு வழியாகவே வரும். மோட்டாரின் இரண்டு கார்பன் துண்டுகளில் ஒன்று உடம்போடு ஒட்டியே உட்கார்ந்திருக்கும். சிப் வைத்த பிறகு அந்த ஒட்டுறவு கூடாது. மோட்டார் உடம்பில் எங்கேயும் படாமல் தனியாக இருக்க வேண்டும், பட்டால் சிப் அந்த நொடியே கருகும். நான் துண்டைப் பிரித்து, அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தகடு வைத்து, சிப்பின் கம்பிகளைப் பற்றவைத்து, மீட்டரில் பார்த்தேன். எங்கும் தொடர்பில்லை. என் கைத்திறமையை நானே மெச்சிக்கொண்டு மேல்கூட்டை மூடித் திருகி, சிப்போடும் ரிமோட்டோடும் செயலாளர் கொடுத்தனுப்பிய சோதனைத் தண்டவாளத்தில் வைத்தேன்.

சின்னதாக ஒரு புகை வந்தது. கூடவே, எரிந்த மீன் செதில் மாதிரி ஒரு நாற்றம்.

"செத்துடுச்சா?" என்று பக்கத்து அறையிலிருந்து கேட்டார். மூக்கு நன்றாகத்தான் வேலை செய்கிறது.

மூடாமல் பார்த்தபோது சரியாக இருந்ததுதான். மேல்கூட்டுக்குள் எடைக்காக வைத்திருந்த ஈயக் கட்டி, மூடியதும் கார்பன் துண்டின் ஸ்பிரிங்கில் போய் உரசிவிட்டது. வாயைத் திறந்து வைத்துப் பல் செட்டைப் பொருத்திப் பார்த்துவிட்டு, கடித்துப் பார்க்காமல் அனுப்பிய கதை. வேலைக்கு வந்த புதிதில் அந்தத் தப்புக்காக என் முதலாளியிடம் நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அவ்வளவு தெரிந்தும் செய்தேனே என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தோடு அடுத்த நாள் மதிய இடைவேளையில் ஈறு அக்ரிலிக்கைக் குழைத்து, மோட்டாரின் முனைகளைச் சுற்றி அச்சாக ஊற்றி, காய்ந்ததும் தேய்த்து எடுத்தேன். இனி எந்த ஈயமும் எதையும் தொட முடியாது. கறுப்பு இஞ்சினுக்குள் ரோஜா நிறத்தில் ஈறு. கூடத்தில் உள்ளவர்கள், எந்த நோயாளிக்கு இது என்று கேட்டுச் சிரித்தார்கள்.

இந்த முறை புது சிப் வைத்து மூடிய பிறகும் மீட்டரில் பார்த்தேன், பிறகுதான் தண்டவாளத்தில் வைத்தேன். ரிமோட்டில் எண்ணை அழுத்தினேன். குள்ளன் பூனை மாதிரி நகர்ந்தது. மோட்டார் சத்தம் துளிக்கூட இல்லை. சிப்போடு வந்த ஸ்பீக்கரில் நிஜ நீராவி இஞ்சின் மூச்சுவிடும் ஒலி, விசில், பிரேக் பிடிக்கும் கிறீச். கண் தெரியாதவருக்குக் காதுக்கு விருந்து வைத்திருக்கிறேன் என்று எனக்கு ஒரே பெருமை. அவரைக் கூப்பிட்டேன். வந்து நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"ஓடுதா?" என்றார்.

நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். ஓடுவதே தெரியாத அளவுக்கு வழுக்கிக்கொண்டு போகிறது என்று அளந்தேன். அவர் சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மற்ற நான்கையும் அதே மாதிரி முடித்தேன். ஒன்றின் சக்கரத்தில் பல வருட அழுக்கு, ஒன்றுக்கு சிப் வைக்க இடமே இல்லாமல் ஈயக் கட்டியைக் குடைய வேண்டியிருந்தது. விரலில் சுட்டுக்கொண்டேன், சமையலறைக் கத்தரிக்கோலைப் பாழாக்கினேன். விட்டேனா பார் என்று முடித்தேன்.

சோதனை நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மன்றத்து ஹால் முழுக்க ஒரே சத்தம். எல்லாருடைய இஞ்சின்களும் நின்ற இடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டும் விசிலடித்துக்கொண்டும் இருந்தன. கீழே சலவைக் கடை இயந்திரங்கள் வேறு. செயலாளர் குள்ளனைக் கையில் எடுத்துக் கவிழ்த்துப் பார்த்து, இதென்ன அண்ணி, ஈறு மாதிரி இருக்கிறதே என்றார். ஈறுதான் என்றேன்.

என் வீட்டுக்காரர் முறை வந்தது. ரிமோட்டை வாங்கி விரலால் தடவிப் பொத்தான்களை எண்ணிக்கொண்டார். அதில் அவருக்குக் குழப்பமே இல்லை. குள்ளன் புகைவிடும் ஒலியோடு புறப்பட்டது. மேடு ஏறியது. பாலம் தாண்டியது. வளைவுக்குள் போகும்போது அவர் நெற்றியில் வேர்வையைப் பார்த்தேன். வளைவு முடிந்து பிளாட்பாரம் வந்தது. நிறுத்துவார் என்று பார்த்தேன். நிறுத்தவில்லை. குள்ளன் பிளாட்பாரம் முழுவதையும் தாண்டிப் போய், காலிப் பெட்டியில் டக்கென்று இடித்து நின்றது. நின்ற இடத்தில் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்க, ஸ்பீக்கர் மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

பரவாயில்லண்ணே என்று செயலாளர் மெதுவாகச் சொன்னார். அந்தக் குரலில் இருந்த அன்பைக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் வீட்டுக்காரர் ரிமோட்டை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் போய் நின்றார். பின்னாலேயே போனேன். எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லையா, பிளாட்பாரம் கையெட்டும் தூரத்தில்தானே இருந்தது, ஓரக் கண்ணால் பார்த்திருக்கலாமே என்று பொரிந்தேன்.

"வண்டி எங்க இருக்குன்னே தெரியலம்மா," என்றார். "முன்னால தெரியும். மேடு ஏறினா மோட்டார் முனகும். வளைவுல தேயற சத்தம் வரும், பாலத்துல பொத்துன மாதிரி கேக்கும். இப்ப எதுவும் கேக்கல. எங்க போனாலும் ஒரே மாதிரி புஸ்ஸு புஸ்ஸுன்னுது."

"அப்ப கண்ணு?"

அவர் என் காதைப் பார்த்தார். "கண்ணால ஓட்டி ரொம்ப நாளாச்சு," என்றார். "அந்த விளக்கு மட்டுந்தான் காதுக்கு எட்டல."

ஐந்து மோட்டார்களின் வாயையும் நான்தான் அடைத்தேன். அழகாக, கச்சிதமாக, ஈறு வைத்து அடைத்தேன். விரலைச் சுட்டுக்கொண்டு, என் மனிதருக்கு மிச்சமிருந்த பார்வையைக் குடைந்து எடுத்திருக்கிறேன். சொல்லவே வாய் கூசியது. அழுதிருப்பேன், ஆனால் அழுதால் ஆறுதல் சொல்ல அவர் வந்துவிடுவார், அதற்கெல்லாம் நேரமில்லை.

கைப்பையில் சிப்போடு வந்த விளக்கத்தாள் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு செயலாளரிடம் போனேன். மற்றவர்கள் ஓட்டி முடிக்கும்வரை எனக்குச் சோதனைத் தண்டவாளம் வேண்டும் என்றேன். எதற்கு என்றார். மோட்டார் சத்தத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும், அதற்கு வழி உண்டா என்று கேட்டேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தச் சத்தம் போக வேண்டும் என்றுதானே எல்லாரும் இந்த சிப்பைத் தேடித் தேடி வாங்குகிறார்கள் என்றார். நான் சுவர்ப் பக்கம் கையைக் காட்டி, அவர் காதால் ஓட்டுகிறவர் என்று சொன்னேன். செயலாளர் அந்தப் பக்கம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பவும் போட்டுக்கொண்டார்.

பிறகு விறுவிறுவென்று விளக்கினார். சிப் மோட்டாருக்கு மின்சாரத்தைத் துண்டு துண்டாக அனுப்புகிறது. நொடிக்குப் பல்லாயிரக்கணக்கில் துண்டுகள், அவ்வளவு வேகம் நம் காதுக்கு எட்டாது, அதனால்தான் அமைதி. அந்த வேகத்தைக் குறைத்து நூறு அளவுக்குக் கொண்டுவந்தால் மோட்டார் உறுமும். மோட்டார் கொஞ்சம் சூடாகும் அண்ணி, பரவாயில்லையா என்றார். இவ்வளவு காலம் சூடாகித்தானே ஓடியது என்றேன். இன்னொன்றும் இருந்தது. மேட்டில் வேகம் குறையாமல் சிப்பே கூடுதலாகத் தள்ளுகிறது, அதனால்தான் முனகல் தெரியவில்லை. அதையும் நிறுத்தச் சொன்னேன். ஸ்பீக்கரையும் அணைத்தோம். தாளைப் பார்த்து நான் எண்களைப் படிக்க, அவர் ரிமோட்டில் போட்டார். ஒரு தடவை தப்பாகப் போட்டதில் குள்ளன் பின்பக்கமாக ஓடியது, சரிசெய்தோம்.

மறுபடி ஓட்ட வாய்ப்புத் தர வேண்டும் என்றதும், வங்கிக்காரர் ஒருவர் சோதனை என்றால் ஒரு முறைதான் என்று இழுத்தார். நான் அவர் பக்கம் திரும்பினேன். டிஜிட்டலாக இருக்க வேண்டும் என்றுதான் விதி, மோட்டார் சத்தம் போடக்கூடாது என்று எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர், இஞ்சின் சரியாக அமைக்கப்படாமல் ஓடியது சோதனையில் சேராது என்று சொல்லிவிட்டு, எல்லாரும் தங்கள் இஞ்சின்களின் ஒலியை அணைக்கும்படி கேட்டுக்கொண்டார். முணுமுணுத்துக்கொண்டே அணைத்தார்கள். வங்கிக்காரரும் அணைத்தார். கீழே சலவை இயந்திரம் மட்டும் ஓடியது.

என் வீட்டுக்காரரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். வேண்டாம் என்றார். காதில் போட்டுக்கொள்ளாமல் ரிமோட்டைக் கையில் திணித்தேன். பொத்தானை அழுத்தினார். குள்ளன் உறுமியது. கரகரவென்று, யாரையோ அதட்டுகிற மாதிரி ஓர் உறுமல். அவர் தலை தானாகச் சாய்ந்தது.

"தொண்டை கட்டின மாதிரி இருக்கு," என்றார். "ஆனா இவன்தான்."

புறப்பட்டது. அவருக்கு என்ன கேட்கிறது என்று தெரிந்துகொள்ள நானும் கண்ணை மூடிக்கொண்டேன். முதலில் வெறும் இரைச்சல்தான். பிறகு உறுமல் கனத்தது, திணறியது. மேடு. பிறகு சத்தம் பொத்தினாற்போல் ஆனது. பாலம். பிறகு மெல்லிய தேய்ப்பு, வளைவு. தேய்ப்பு நின்று சீரானதும், இதோ பிளாட்பாரம், இதற்கு மேல் போனால் இடித்துவிடும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. நிறுத்துங்கள் என்று கத்தப் போய்க் கண்ணைத் திறந்தேன். குள்ளன் அப்போதுதான் வளைவை விட்டு வெளியே வந்துகொண்டிருந்தது. பிளாட்பாரம் இன்னும் தள்ளி இருந்தது. அவர் அதன் பக்கமே பார்க்கவில்லை, முகம் ஜன்னலை நோக்கி இருந்தது. விரல் மட்டும் பொத்தானில் இருந்தது. உறுமல் இறங்கி, இறங்கி, நின்றது. காலிப் பெட்டிக்கும் குள்ளனுக்கும் நடுவில் என் உள்ளங்கை அகலத்துக்கு இடைவெளி இருந்தது.

யாரும் கை தட்டவில்லை. செயலாளர் இடைவெளியைக் குனிந்து பார்த்துவிட்டு, ஓட்டுநர் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறேன் அண்ணே என்றார். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. கூடவே, அடக்கிவைத்திருந்த கோபமும் கிளம்பியது.

"இவ்வளவு நாள் ஏங்க சொல்லல?" என்று அவர் காதோரம் கேட்டேன். "கண்ணு சுத்தமா ஒத்துழைக்கலன்னு என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா ஓட்ட விட்டிருப்பியா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். விட்டிருப்பேன் என்று சொல்லத்தான் திறந்தேன். ஆனால் விழுந்துவிடுவீர்கள், படிக்கட்டு செங்குத்தாக இருக்கிறது, பேசாமல் வீட்டில் இருங்கள் என்று நானே அவரை வாசலில் உட்கார வைத்திருப்பேன். செயலாளருக்கு முன்னால், செயலாளரைவிட அன்பாக.

"விட்டிருக்க மாட்டேன்," என்றேன்.

அவர் தலையாட்டினார். கோபம் இல்லை அவருக்கு. ரிமோட்டில் விரல் அடுத்த எண்ணைத் தேடிக்கொண்டிருந்தது.

"இன்னும் நாலு பேருக்கு வாயைத் திறந்துவிடணும்," என்றார். "அந்தத் தாளை எடு."